ரேடியேட்டர் மூடியின் கதை

குக்கரில் ஆவி அடங்குமுன் மூடியைத் திறக்கும் பெண்மணியை நம் வீடுகளில் பார்ப்பது அரிது. விசில் ஓய்ந்த பிறகும் வெயிட்டைக் கரண்டியால் மெல்லத் தூக்கிப் பார்ப்பார்கள். ‘உஸ்’ என்று சத்தம் வந்தால் அப்படியே விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போவார்கள். அதே வீட்டு ஆண்கள், வழியில் வண்டி சூடேறி நின்றால், பானட்டைத் தூக்கிய கையோடு ஒரு பழைய துணியைத் தேடுவார்கள். எதற்கு? ரேடியேட்டர் மூடியைத் திருகித் திறக்க. அடுப்பின் மேல் இருப்பதும் பானட்டுக்குள் இருப்பதும் ஏறக்குறைய ஒரே வகைப் பாத்திரம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

இந்தப் பதிவு அந்த மூடியைப் பற்றியது. மோட்டார் வண்டி பிறந்தபோது அதன் தண்ணீர்ப் பாத்திரம் திறந்தே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அதை மூடினார்கள். மூட மூட எஞ்சின் நன்றாக உழைத்தது. ஆனால் சூடாக இருக்கும்போது திறந்து பார்க்கும் உரிமை நம் கையை விட்டுப் போயிற்று. இந்த வரலாறு தெரிந்துவிட்டால், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நான் மெக்கானிக் அல்ல, குமாஸ்தா. ஆனால் வேலையில் இருந்த நாளில் வண்டிகளின் லாக் புத்தகமும் பழுதுச் செலவு ரசீதுகளும் என் மேசை வழியாகத்தான் போகும். ‘ஹோஸ் மாற்றியது’, ‘ரேடியேட்டர் அடைப்பு நீக்கியது’, ‘ஹெட் கேஸ்கெட் மாற்றியது’ என்ற வரிகள் திரும்பத் திரும்ப வரும். முதல் ரசீது சில ரூபாய், இரண்டாவது சில நூறு, மூன்றாவது சில ஆயிரம். மூன்றும் ஒரே நோயின் மூன்று கட்டங்கள் என்பது கோப்பைப் புரட்டினாலே தெரியும். இன்று நம் ஊரில் குட்டி யானை என்று செல்லமாகச் சொல்லும் டாடா ஏஸும் மகிந்திரா பிக்கப்பும் இல்லாத தெரு இல்லை. வாசகர்களில் பலருடைய பிள்ளைகள் அதை ஓட்டித்தான் பிழைக்கிறார்கள். ஆகவே பிக்கப்பை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. எஞ்சினில் எரியும் எண்ணெயின் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வேலையாகப் போகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியாக வெளியே போகிறது. மீதிப் பங்கு எஞ்சினின் உடம்பிலேயே சூடாகத் தங்குகிறது. உள்ளே எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். தங்கிய சூட்டை நொடிதோறும் வெளியே கடத்திக்கொண்டே இருந்தால்தான் எஞ்சின் பிழைக்கும். அந்தக் கடத்தல் வேலையைத்தான் தண்ணீர் செய்கிறது.

1886இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் நிற்கும், கொதிக்கும், ஆவியாகிப் போகும். போன அளவுக்கு ஊற்ற வேண்டும். கிட்டத்தட்ட சோற்றுப் பானை மாதிரிதான். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியிலே போனார். வழியெல்லாம் கிடைத்த இடத்தில் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டே போனார்கள். உலகத்தின் முதல் நெடும் மோட்டார்ப் பயணத்தில் எரிபொருளைப் போலவே தண்ணீரும் பெருங்கவலையாக இருந்தது.

இந்த முறையில் வண்டி நிறையத் தண்ணீர் சுமக்க வேண்டியிருந்தது. அதை மாற்றியவர் டைம்லர் நிறுவனத்தின் வில்ஹெல்ம் மைபாக். நீஸ் நகரில் வாழ்ந்த வியாபாரி எமில் யெல்லினெக் வேகமான வண்டி வேண்டும் என்று நச்சரித்ததால், 1900ஆம் ஆண்டின் இறுதியில் 35 குதிரைசக்தி வண்டி ஒன்று உருவானது. யெல்லினெக்கின் மகள் பெயரான மெர்செதேஸ்தான் அதற்கும் வைக்கப்பட்டது. அதன் முகப்பில் மைபாக் வைத்தது தேன்கூடு போன்ற ரேடியேட்டர். 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070ஐ அடுக்கிப் பற்றவைத்திருந்தார். காற்று குழாய்களுக்குள் புகுந்து போகும், தண்ணீர் அவற்றின் இடைவெளியில் இறங்கும். அதற்கு முன் 18 லிட்டர் தண்ணீர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டர் போதும் என்றாயிற்று. அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்து வேலை செய்யத் தொடங்கியது. இன்றைக்கு நம் வண்டியின் முன்னால் இருக்கும் ரேடியேட்டர் அந்தத் தேன்கூட்டின் பேரப்பிள்ளைதான்.

தண்ணீரைச் சுற்றவைப்பது யார்? பல வண்டிகளில் யாரும் இல்லை. சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கனத்துக் கீழே இறங்கும். இந்த இயற்கையையே நம்பி பம்ப் இல்லாமல் ஓடிய வண்டிகள் ஏராளம். 1914 செப்டம்பரில் மார்ன் போருக்குப் பாரீசிலிருந்து படையினரை ஏற்றிக்கொண்டு போன சுமார் 600 டாக்சிகளைப் பற்றி நாங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் படித்திருக்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை ரெனோ வண்டிகள். அவற்றின் முன்பக்கம் ரேடியேட்டர் இல்லாமல் மூக்கு சரிந்து இருக்கும். ரேடியேட்டரை எஞ்சினுக்குப் பின்னால், டிரைவரின் காலுக்கு முன்னால் உயரமாக வைத்திருந்தார்கள். பம்ப் இல்லாமல் தண்ணீர் சுற்ற அந்த உயரம் உதவியது.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் டி மாடல் 1908இல் வந்து 1927இல் நின்றது. மொத்தம் 1 கோடியே 50 லட்சம் வண்டிகள். முதல் 2,500 வண்டிகளுக்குப் பிறகு அதிலும் தண்ணீர்ப் பம்பை எடுத்துவிட்டார்கள். 1925 ஏப்ரலில் அதே வண்டிக்குப் பின்னால் ஒரு இரும்புப் பெட்டி பொருத்தி 281 டாலருக்கு விற்கத் தொடங்கினார் ஃபோர்டு. தொழிற்சாலையிலேயே முழுதாகத் தயாரித்து பிக்கப் என்ற பெயரிலேயே அவர் விற்ற முதல் வண்டி அது. அதுவரை விவசாயிகள் கார் வாங்கி, பின்பக்கத்தை வெட்டித் தாங்களே பெட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த முதல் பிக்கப்பின் தண்ணீர் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் மட்டம் மேல் ஹோஸின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுழற்சி நின்றுபோகும். ஆகவே அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்த மூடிக்குள் ஸ்பிரிங்கோ வால்வோ கிடையாது. ஆவி அதிகமானால் பக்கத்தில் ஒரு சிறு குழாய் வழியாக வெளியேறிவிடும். கொதிக்கும்போது திறந்தால் கையைச் சுடும், அவ்வளவுதான். ரசப் பானையின் தட்டைத் தூக்குவது போல. சூட்டை அளந்து காட்ட மூடியின் தலையிலேயே ஒரு வெப்பமானியைப் பொருத்திக்கொள்ளும் வழக்கமும் 1910களில் வந்தது. டிரைவர் தன் இருக்கையிலிருந்தே கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

‘சூடானால் மூடியைத் திற, தண்ணீர் ஊற்று’ என்ற பாடம் அந்தக் காலத்தில் பிறந்தது. டிரைவரிடமிருந்து கிளீனருக்கு, கிளீனர் டிரைவரானதும் அவனிடமிருந்து அடுத்த கிளீனருக்கு என்று அது இறங்கி வந்தது. தண்ணீர்க் கேன் இல்லாமல் லாரி புறப்படாத காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். அந்த வண்டிகளுக்கு அந்தப் பாடம் ஓரளவு சரி. வண்டி மாறிவிட்டது, பாடம் மாறவில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

வண்டி எப்படி மாறியது? எஞ்சின் பலமாக ஆக, இயற்கைச் சுழற்சி போதவில்லை. 1927 இறுதியில் வந்த ஃபோர்டின் ஏ மாடலில் பம்ப் திரும்பி வந்தது. 1932இல் வந்த எட்டு சிலிண்டர் எஞ்சினில் பம்புகள் இரண்டு. ஆனால் அந்த எஞ்சினில் புகை வெளியேறும் பாதைகளை இரும்புக் கட்டிக்குள்ளேயே, தண்ணீர் சுற்றும் இடத்தின் ஊடாகக் கொண்டுபோயிருந்தார்கள். வெளியே போக வேண்டிய சூட்டில் ஒரு பகுதியும் தண்ணீரிலேயே கலந்தது. போதாக்குறைக்கு பம்புகள் எஞ்சினின் தலைப்பக்கத்தில் இருந்து கொதிநீரை இழுத்தன. வண்டி சூடாகிறது என்ற புகார் தீரவில்லை. 1937இல் பம்புகளைக் கீழே இறக்கி, குளிர்ந்த நீரை எஞ்சினுக்குள் தள்ளும்படி மாற்றினார்கள். நிலைமை கொஞ்சம் தேறியது. சூட்டை எங்கிருந்து எடுத்து எங்கே விடுகிறோம் என்பதில் ஒரு சாண் மாறினாலும் கணக்கு மாறும் என்பதற்கு இந்த எஞ்சின் நல்ல சாட்சி.

இதற்கிடையில் தண்ணீரே போதுமா என்ற கேள்வியும் எழுந்தது. குளிர் நாட்டில் தண்ணீர் உறைந்து விரிந்தால் இரும்பே பிளந்துவிடும். ஆரம்பத்தில் ஆல்கஹால் கலந்தார்கள், அது சீக்கிரம் ஆவியாகிப் போயிற்று. தீர்வு ஒரு பழைய பிரெஞ்சுச் சோதனைச்சாலையிலிருந்து வந்தது. ஸ்ட்ராஸ்பூர்க் அருகே பிறந்து பாரீஸ் மருத்துவப் பீடத்தில் பேராசிரியராக இருந்த ஷார்ல் அடோல்ஃப் வூர்ட்ஸ் 1856இல் ஒரு திரவத்தைத் தயாரித்தார். இனிப்பானது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லை வேராகக் கொண்டு அதற்கு கிளைக்கால் என்று பெயர் வந்தது. கல்லூரியில் வேதியியல் படித்தவர்களுக்கு ‘வூர்ட்ஸ் வினை’ ஞாபகம் இருக்கும். அதே மனிதர்தான். 1927இல் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனம் இந்த எத்திலீன் கிளைக்காலை பிரெஸ்டோன் என்ற பெயரில் மோட்டார் வண்டிகளுக்காக விற்கத் தொடங்கியது. இன்று நாம் கூலன்ட் என்று வாங்கும் பச்சை, சிவப்புத் திரவங்களில் பெரும்பாலானவற்றின் உயிர் இதுதான்.

‘நம் ஊரில் ஏது பனிக்கட்டி? நமக்கு எதற்குக் கூலன்ட்?’ என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்பது நமக்குப் பயன்படாத பெருமை. ஆனால் அதே கலவை தண்ணீரைவிடப் பல டிகிரி தாமதமாகக் கொதிக்கும். துருப்பிடிக்காமல் காக்கும் மருந்துகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. நமக்கு வேண்டியவை இவை இரண்டும். வெறும் தண்ணீர் ஊற்றினால், அதுவும் நம் கடலோரப் போர் தண்ணீரை ஊற்றினால், வெந்நீர் அண்டாவின் உள்ளே வெள்ளையாகப் படியும் அதே உப்புப் படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியும். படிவு சூட்டைக் கடத்தாது. நான் சொன்ன இரண்டாவது ரசீது அங்கேதான் பிறக்கிறது.

இனி மூடிக்கு வருவோம். அழுத்தம் கூடினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பமும் கூடும். இதைப் பாத்திரத்தில் செய்துகாட்டியவரும் ஒரு பிரெஞ்சுக்காரர். பிளுவா நகரத்தைச் சேர்ந்த தெனி பப்பேன், 1679இல் லண்டனில், இறுக மூடிய பாத்திரத்தில் எலும்பைக்கூட மிருதுவாக வேகவைத்துக் காட்டினார். பாத்திரம் வெடிக்காமலிருக்க, மிஞ்சிய ஆவி தள்ளிக்கொண்டு வெளியேறும் பாதுகாப்பு வால்வையும் வைத்தார். நம் குக்கருக்கும் அதன் வெயிட்டுக்கும் மூதாதை அதுதான்.

அந்த யோசனை மோட்டார் வண்டிக்கு வர இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று. விமானம் முந்திக்கொண்டது. 1930களில் போர் விமானங்களின் ரேடியேட்டர் சிறியதாக இருக்க வேண்டும், காற்றைத் தடுக்கக் கூடாது. தண்ணீர் அதிகச் சூட்டில் ஓடினால் சிறிய ரேடியேட்டரே போதும், ஏனென்றால் வெளிக்காற்றுக்கும் அதற்கும் வெப்ப வித்தியாசம் அதிகம். ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் எஞ்சினை முதலில் தனிக் கிளைக்காலிலேயே ஓட்டினார்கள். பிறகு தண்ணீரோடு கிளைக்காலைக் கலந்து அழுத்தத்தில் அடைத்து ஓட்டினார்கள். கார்களிலும் 1930களின் பிற்பகுதியிலிருந்து ஸ்பிரிங் வைத்த மூடி வரத் தொடங்கி, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் பொதுவாகிவிட்டது. தொடக்கத்தில் அழுத்தம் குறைவு. பின்னர் படிப்படியாக ஏறி, இன்று பெரும்பாலான வண்டிகளில் ஒரு வளிமண்டல அழுத்தத்தை ஒட்டி நிற்கிறது. நம் சமையலறைக் குக்கரின் வெயிட் தாங்கும் அழுத்தமும் ஏறக்குறைய அதேதான். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 டிகிரியில் 8 லிட்டர் தண்ணீர் அடங்கி நிற்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடுகிறது. இப்போது அது 100 டிகிரிக்கு மேல் தண்ணீராக நிற்க முடியாது. மிஞ்சிய 20 டிகிரிச் சூடு முழுவதும் ஒரு பகுதித் தண்ணீரை ஆவியாக்கிவிடும். கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு விரியும். ஆக, 400 லிட்டருக்கு மேல் நீராவி, மிச்சமுள்ள கொதிநீரைத் தள்ளிக்கொண்டு, உள்ளங்கை அகலமுள்ள வாய் வழியாக ஒரே மூச்சில் வெளியே பாய்கிறது. குனிந்து பார்ப்பவரின் முகம் நேர் மேலே இருக்கிறது. ஈரத் துணி இதற்கு எந்த மூலைக்கு? குக்கராவது விசில் அடித்து எச்சரிக்கும். ரேடியேட்டர் வாயைத் திறக்காது. எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் ஆன பிறகும் உள்ளே அதே சூடுதான்.

அழுத்தம் கூடியதும் இன்னொரு பொருளும் மாற வேண்டியிருந்தது. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுப்பது தெர்மோஸ்டாட். பழையவை ஆவி அடைத்த துருத்தி போன்றவை. அழுத்தமான தண்ணீரில் அவை சரியாக வேலை செய்யவில்லை. 1930களில் செர்ஜியஸ் வெர்னெட் என்பவர் மெழுகை அடைத்த தெர்மோஸ்டாட்டை உருவாக்கினார். மெழுகு உருகினால் விரியும், விரிந்தால் வால்வு திறக்கும். இன்றும் அதுவே. ‘நம் ஊர் வெயிலுக்கு எதற்கு இது’ என்று சில இடங்களில் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம். கெட்டால் புதியது போட வேண்டும், கழற்றிவிட்டு ஓட்டக் கூடாது.

தண்ணீரே வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. 1948இல் வெளிவந்த சித்ரோயனின் தெ ஷெவோ வண்டியைக் காற்றே குளிர்வித்தது. ரேடியேட்டர் இல்லை, பம்ப் இல்லை, ஹோஸ் இல்லை. 1950களின் இறுதியில் பிரிட்டிஷ் கடற்படை அதன் பிக்கப் வகையை வாங்கி, புல்வார்க் என்ற கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு மலாயாக் கரையில் இறக்கியது. தூக்கும் அளவுக்கு லேசான வண்டி. ஆனால் பெரிய எஞ்சின்களுக்கும், புகைக் கட்டுப்பாட்டுக்கும், சத்தமில்லாமல் ஓடுவதற்கும் தண்ணீரே தோதானது. கடைசியில் உலகம் தண்ணீரிடமே திரும்பிவிட்டது.

மூடியின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் 1961இல் வருகிறது. அந்த ஆண்டு வந்த ரெனோ 4 வண்டியில் தண்ணீர்ச் சுற்றை முழுவதுமாக அடைத்து முத்திரையிட்டார்கள். சூட்டில் விரியும் திரவம் போய்த் தங்குவதற்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி. பிரெஞ்சில் அதை வாஸ் தெக்ஸ்பான்சியோன் என்பார்கள், விரிவுக் கலம் என்று சொல்லலாம். விரிந்தது ஜாடிக்குப் போகும், குளிர்ந்தால் திரும்பி வரும். ஒரு சொட்டும் வீணாகாது. மட்டம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எதையும் திறக்க வேண்டாம், கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும். திறந்து பார்க்கும் உரிமையை மூடி பறித்துக்கொண்டது என்று மேலே எழுதினேனே, கண்ணாடி ஜாடி அதைப் பார்வையாகத் திருப்பிக் கொடுத்தது. நம் பிக்கப்பின் பானட்டுக்குள் இருக்கும் வெளுத்த பிளாஸ்டிக் டப்பா அந்த ஜாடியின் வாரிசு. அதை நம்பிப் பார்ப்பதுதான் இன்றைய பராமரிப்பின் முதல் பாடம்.

இனி நடைமுறை. காலையில், வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு பாருங்கள். சமதரை, ஹேண்ட் பிரேக், சாவி உங்கள் சட்டைப் பையில். சில வண்டிகளில் எஞ்சின் நின்ற பிறகும் மின்விசிறி தானாகச் சுற்றத் தொடங்கும். வேட்டி நுனி, தோள்துண்டு, புடவைத் தலைப்பு எதுவும் அதனருகே போகக் கூடாது. டப்பாவில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். மட்டம் இடையில் நின்றால் மூடியைத் தொடவே வேண்டாம். மாதாமாதம் குறைகிறது என்றால் ஊற்றிக்கொண்டே போகாதீர்கள், எங்கே போகிறது என்று தேடுங்கள்.

தேடுவதற்கு ஒரு டார்ச் விளக்கு போதும். வண்டிக்கு அடியில் தரையில் ஈரமா? ஹோஸ்களை விரலால் அமுக்கினால் கொழகொழவென்று இருக்கிறதா, வெடிப்பு தெரிகிறதா, கிளிப் பக்கத்தில் வெள்ளையாகக் காய்ந்த கறை இருக்கிறதா? பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு, அங்கே கசிவுக் கோடு தெரிந்தால் பம்பின் சீல் போய்விட்டது என்று பொருள். பெல்ட்டில் கீறல் இருக்கிறதா? ரேடியேட்டரின் முன்னால் வைக்கோலும் பூச்சியும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருந்தால் கையால் எடுத்து, மீதியை மெல்லிய தண்ணீர்த் தாரையால் எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் கழுவுங்கள். சர்வீஸ் நிலையத்து வேகத் தாரை அந்த மெல்லிய தகடுகளை மடக்கிவிடும்.

மூடியைத் திறக்கத்தான் வேண்டுமென்றால், எஞ்சின் கையால் தொட்டு வைத்திருக்கும் அளவுக்கு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை. ஆறிய பிறகும் தடித்த துணி போட்டு, முகத்தைத் தள்ளி வைத்து, முதல் நிறுத்தம் வரை மட்டும் திருகி, சத்தம் எதுவும் இல்லை என்று உறுதியான பின்பே முழுதும் திறக்க வேண்டும். சில வண்டிகளில் ரேடியேட்டருக்கு மூடியே இல்லாமல் டப்பாவின் மூடியே அழுத்தத்தைத் தாங்கும். ‘பிளாஸ்டிக் டப்பாதானே’ என்று அதைத் திறந்தாலும் அதே ஆபத்துதான். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். அதன் மேல் அழுத்த எண் பொறித்திருக்கும். அதே எண் உள்ள மூடிதான் போட வேண்டும், அதிக எண் போட்டால் அடுத்து பலவீனமான ஹோஸ் வெடிக்கும்.

திரவம், வண்டியின் கையேட்டில் சொன்ன வகைதான். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே நிறத்தில் வெவ்வேறு மருந்துகள் வருகின்றன, பொருந்தாததைக் கலந்தால் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். தனித்திரவமாக வாங்கினால் டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்ற வேண்டும். கூலன்ட் அதிகமாக இருந்தால் நல்லது என்று கலக்காமலே ஊற்றுவதும் தவறு, சூட்டைச் சுமக்கும் திறன் தண்ணீருக்குத்தான் அதிகம். கையேடு சொல்லும் கெடுவில் முழுதும் மாற்றிவிட வேண்டும், துருத் தடுப்பு மருந்துக்கும் ஆயுள் உண்டு. எஞ்சின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் தெரிந்தால் ஹெட் கேஸ்கெட்டில் சந்தேகம். அப்போது வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

இதை மறக்காதீர்கள்: கிளைக்கால் பெயருக்கேற்ப இனிப்பு, ஆனால் விஷம். சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை வாங்கும். நாயும் பூனையும் அதை நக்கிவிடும். வடித்த திரவத்தைத் தெருக் கால்வாயில் விடாதீர்கள், குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பேரக்குழந்தைகள் உள்ள வீடு என்பதை நினைவில் வையுங்கள்.

வழியில் முள் சிவப்புக்கு ஏறினால் ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை நிறுத்துங்கள். ஆவி பறந்துகொண்டிருந்தால் பானட்டைக்கூடத் தூக்க வேண்டாம். நிழலில் உட்காருங்கள். ஒரு மணி நேரமாவது ஆகட்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் இரும்பு விரிசல் விடும். பிறகு வரும் ரசீது மூன்றாவது ரசீதைவிடப் பெரியது. அப்படியும் யாருக்காவது பட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரைக் காயத்தின் மேல் 20 நிமிடம் ஓடவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேனா மை, பற்பசை, நெய் எதுவும் கூடாது.

இத்தனையும் செய்ய ஆகும் நேரம் காலையில் ஐந்து நிமிடம். உங்கள் வீட்டுப் பிள்ளை பிக்கப் ஓட்டுகிறான் என்றால், நீங்கள் ஒரு காலத்தில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கக்கூடிய ‘துணி போட்டுத் திற’ என்ற பாடத்தை இன்றே வாபஸ் வாங்கிவிடுங்கள். அவன் அம்மா குக்கரைத் திறக்கும் விதத்தைக் காட்டி, ‘இதுவும் அதுதான்டா’ என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வான்.